எடமலைப்பட்டி புதூரும் நமது பற்களும்

ராஜீய விவகாரங்களையே நாள்தோறும் பேசிவரும் இப்பத்தியில் பல்லைப் பற்றி எழுதப் புகுந்ததைக் கண்டு நமது வாசகர்களிற் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும்; நகைப்பதற்கும் பல் வேண்டும். மந்திரிசபை கவிழ்ந்தால் மற்றொன்று அமையும். தேர்தலில் தோற்றவர் ஐந்து வருஷங் கழித்து மறுபடியும் நிற்கலாம். வழக்கு மன்றத்தில் வாய்தா வாங்கி வாங்கி ஒரு தலைமுறையைக் கடத்துவதும் நாம் தொழில்முறையில் அறிந்த விஷயமே. ஆனால் பல்லின் மேலுள்ள எனாமல் என்னும் வெண்மையான பூச்சு ஒருமுறை குழிந்துபோனால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. தோல் கிழிந்தால் வளரும், எலும்பு முறிந்தால் கூடும். எனாமலை உண்டாக்கிய உயிரணுக்களோ பல் ஈற்றை விட்டு வெளிவரும்போதே மறைந்துவிடுகின்றன. ஆகையால் தேகத்தின் மற்ற உறுப்புக்களைவிட இதனிடத்தில் நாம் அதிக ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். நாமோ மிகக் குறைந்த ஜாக்கிரதையுடன் இருக்கிறோம்.

இது நமது தேசத்துக்கு மாத்திரம் உள்ள குறையன்று. வாயைப் பற்றிய வியாதிகளால் உலகத்தில் ஏறக்குறைய 350 கோடி ஜனங்கள் பீடிக்கப்பட்டிருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ம் வருஷத்து அறிக்கையில் கணக்கிட்டது. அவர்களில் சுமார் 200 கோடிப் பேருக்கு, விழுந்து மறுபடி முளையாத நிரந்தரப் பற்களிலேயே சொத்தை இருக்கிறது; அதற்குச் சிகிச்சையும் இல்லை. மனிதகுலத்தை இவ்வளவு பரவலாகப் பிடித்திருக்கும் வியாதி வேறொன்றுமில்லை. இதனால் உடனே மரணம் நேர்வதில்லையாதலால் ஒருவரும் இதைப் பொருட்படுத்துவதில்லை.

அத்தொகைகளை வைத்துக்கொண்டு பேசுவதைவிட, நமது நகரத்தின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு பேசுவது விளக்கமாயிருக்கும். திருச்சிராப்பள்ளியின் தெற்கே மதுரை ரஸ்தாவில், கிராப்பட்டியை ஒட்டி அமைந்திருப்பது எடமலைப்பட்டி புதூர். பெரிய பங்களாக்களும் பெரிய ஆஸ்பத்திரிகளும் நிறைந்த இடமன்று. உழைத்துச் சாப்பிடும் குடும்பங்களே அதிகம். அதற்கு அப்பால் பஞ்சப்பூரில் 2025-ம் வருஷத்தில் புதிய பஸ் நிலையம் திறக்கப்பட்டது முதல் அவ்வழியே ஜன நடமாட்டமும் வியாபாரமும் பெருகியிருக்கின்றன. அங்கே பள்ளிக்கூடம் விடும் வேளையில் நின்று பார்ப்பவர்களுக்கு இக்கட்டுரையில் நாம் சொல்லப்போவதெல்லாம் பிரத்தியட்சமாகும். வாயிலுக்கு எதிரே உள்ள பெட்டிக்கடையில் புளி மிட்டாயும், கண்ணாடிக் காகிதத்தில் சுற்றிய பிசுபிசுப்பான மிட்டாய்களும், பத்து ரூபாய்க்குக் கலர் போத்தலும் தொங்குகின்றன, அடுக்கியிருக்கின்றன. உப்பும் மிளகாய்த் தூளும் தூவிய மாங்காய்த் துண்டும் உண்டு. குழந்தை ஒரு மிட்டாயை வாயிலிட்டு வீடு சேரும்வரை சப்பிக்கொண்டே போகிறது. வீட்டில் சர்க்கரை கலந்த காப்பி. மாலையில் பிஸ்கோத்து. இரவில் பாலைக் குடித்துவிட்டு, வாயைக் கூடக் கொப்பளியாமல் தூக்கம்.

இவற்றில் எது பல்லைக் கெடுக்கிறது என்று கேட்டால், ‘மிட்டாய்’ என்று தாய்மார்கள் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். அப்பதில் பாதிதான் சரி. பல்லுக்குச் சத்துருக்கள் இரண்டு வகை. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் நாம் ஒன்றைத் தடுக்கப்போய் மற்றொன்றை வரவழைத்துக்கொள்கிறோம். ஒன்று சொத்தை, மற்றொன்று கரைவும் தேய்வும்.

சொத்தைக்குக் காரணம் புழு என்று உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. நமது ஊர்களில் கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டு அந்தப் புகையை வாயில் பிடித்து, “இதோ புழு விழுந்தது” என்று காட்டுகிறவர்களை முதியோர்கள் பார்த்திருப்பார்கள். விழுந்தது விதையின் முளைச் சிதறலேயன்றிப் பல்லின் புழுவன்று. 1890-ம் வருஷத்தில் பெர்லின் நகரில் இருந்த மில்லர் என்னும் அமெரிக்கப் பல் வைத்தியர் உண்மையை விளக்கினார். வாயில் வசிக்கும் நுண்கிருமிகள் நாம் தின்னும் மாவையும் சர்க்கரையையும் தின்று புளிக்கச் செய்து அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலமே எனாமலிலுள்ள சுண்ணாம்புச் சத்தை அரித்துப் பள்ளமாக்குகிறது என்பது அவர் கண்ட முடிவு. அக்கிருமிகளில் முக்கியமானதொன்றை 1924-ல் இங்கிலாந்தில் கிளார்க் என்பவர் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். அமிலத்தை அளக்கும் பி.எச். என்னும் கணக்கில் வாயின் நிலை சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்குகிறது. சர்க்கரை உண்ட சில நிமிஷங்களில் அந்நிலை வந்துவிடும்.

அப்படியானால் எல்லோருடைய பல்லும் எப்போதோ கரைந்து போயிருக்க வேண்டுமே என்று கேட்கலாம். நம்மைக் காப்பது உமிழ்நீர். அது அமிலத்தைக் கழுவி, அதன் வேகத்தைத் தணித்து, இழந்த சத்தைச் சிறிது சிறிதாகப் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. இதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரையில் பிடிக்கும். இங்கேதான் விஷயத்தின் மர்மம் இருக்கிறது. ஒரே வேளையில் நாலு லட்டுத் தின்பவனுக்கு ஒருமுறை தாக்குதல். அதே நாலு லட்டை நாலு வேளையாகத் தின்பவனுக்கு நாலுமுறை தாக்குதல். உமிழ்நீர் தன் வேலையை முடிப்பதற்கு முன்னே அடுத்த மிட்டாய் வந்து விழுந்தால் அது என்ன செய்யும்? இரவில் தூங்கும்போது உமிழ்நீர் மிகக் குறைந்துவிடுகிறது. ஆகையால் படுக்குமுன் வாயில் ஒட்டிக்கொண்ட இனிப்பு விடியும்வரை தடையின்றித் தன் காரியத்தைச் செய்யும்.

இவ்வுண்மை நிரூபிக்கப்பட்ட கதை கேட்பதற்கு இனியதன்று. ஸ்வீடன் தேசத்தில் விபெஹோல்ம் என்னும் மனநோயாளிகள் விடுதியில் 1945 முதல் சில வருஷ காலம், அங்கிருந்த நோயாளிகளுக்குப் பல்லில் ஒட்டும் டாபி மிட்டாயை வேளைக்கு வேளை கொடுத்து, பற்கள் எவ்வாறு அழிகின்றன என்று பரிசோதித்தார்கள். சாப்பாட்டோடு சேர்ந்து உண்ட சர்க்கரையால் விளைந்த கேடு குறைவு, இடைவேளைகளில் தின்ற பிசுபிசுப்பான மிட்டாயால் விளைந்த கேடு அதிகம் என்பது அதனால் தெளிவாயிற்று. மறுத்துப் பேசச் சக்தியற்ற அப்பாவிகளின் சம்மதத்தைக் கேளாமல் அவர்களுடைய பற்களைப் பலிகொடுத்துப் பெற்ற ஞானம் அது. அம்முறையை எவரும் நியாயமென்று சொல்ல முடியாது. ஆயினும் அவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற முடிவை அறிந்தும் நாம் பயன்படுத்தாமலிருப்பது அந்த அநியாயத்தை இரட்டிப்பாக்குவதாகும்.

நிற்க. இரண்டாவது சத்துருவுக்குக் கிருமி வேண்டியதில்லை, சர்க்கரையும் வேண்டியதில்லை. நாம் குடிப்பதே அமிலமாயிருந்தால் போதும். எலுமிச்சஞ்சாறு, புளி, கலர், கோலா முதலியவை பல்லை நேரே கரைக்கின்றன. வெறும் கோலி சோடாவிலுள்ள கரியமிலம் பலவீனமானது; அதனால் வரும் கேடு சொற்பம். ஆனால் அதே சோடாவில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாலோ, கோலாக்களில் உள்ளதுபோலப் பாஸ்பாரிக் அமிலத்தைச் சேர்த்தாலோ பி.எச். கணக்கு மூன்றுக்குக் கீழே போய்விடும். ‘சர்க்கரையில்லாத கோலா’ என்று சிலர் நிம்மதியோடு குடிக்கிறார்கள். சர்க்கரையில்லையென்பது உண்மை, அமிலம் அப்படியே இருக்கிறதென்பதும் உண்மை. சர்க்கரையுள்ள கோலாவிலோ 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை. கால் லிட்டர் போத்தல் ஒன்றைக் குடித்த சிறுவன் ஐந்தாறு தேக்கரண்டிச் சர்க்கரையை விழுங்கியவனாகிறான். சிறுவன் மட்டுமல்ல, ஒரு பெரிய மனிதனே ஒரு நாளைக்கு இருபத்தைந்து கிராமுக்குள் நிறுத்திக்கொண்டால் நல்லது என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2015-ல் வெளியிட்ட யோசனை.

நமது வீட்டு ரசத்திலும் குழம்பிலும் புளி இருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர் என்று ஒரு நண்பர் நம்மைக் கேட்டார். சோற்றோடு கலந்து மென்று விழுங்கும் புளிக்கும், ஒரு மணி நேரம் வாயில் அடக்கிச் சப்பும் புளி மிட்டாய்க்கும் வெகு வித்தியாசம் உண்டு. ரசத்தைக் கைவிடும்படி யாரும் கேட்கவில்லை. நாமும் அதற்கு இசையமாட்டோம்.

அமிலத்தால் இளகிப்போன எனாமலை அந்தக் கணமே தேய்ப்பதைப்போன்ற தவறு வேறில்லை. எலுமிச்சம்பழ ரசம் குடித்தவுடன், அல்லது வாந்தியெடுத்தவுடன், ‘வாய் சுத்தமாகட்டும்’ என்று பலர் பிரஷை எடுக்கிறார்கள். சுத்தமாவது வாயன்று, எனாமல்தான். அச்சமயத்தில் செய்யத்தக்கது நல்ல தண்ணீரால் கொப்பளிப்பதொன்றே. தேய்ப்பதானால் அரைமணிக்குக் குறையாமல் கழித்துத் தேய்க்கலாம். கர்ப்பகாலத்து வாந்தியால் வருந்தும் பெண்களுக்கு இதை வீட்டார் அவசியம் சொல்ல வேண்டும்.

இனித் தேய்க்கும் பொருளைப் பற்றி. இங்கே நமது சுதேசாபிமானம் கொஞ்சம் சோதனைக்குள்ளாகிறது. காலையில் பல் துலக்குவதை நாம் வெள்ளைக்காரனிடம் கற்றோமென்று எவனாவது சொன்னால் அவன் சரித்திரமறியாதவன். விடியற்காலையில் எழுந்து, பற்குச்சியை மென்று, கண் கழுவி, கடவுளைத் தொழவேண்டுமென்று பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் ஒன்றாகிய ஆசாரக்கோவையே விதித்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் பாரத நாட்டுக்கு வந்த சீன யாத்திரிகர் இத்சிங் இந்தப் பற்குச்சி வழக்கத்தை விரிவாக எழுதிவைத்துப் போயிருக்கிறார். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பதை அறியாத தமிழ்க் குழந்தையுமில்லை. காந்தியடிகள் யரவாடா சிறையில் இருந்தபோது வேப்பங்குச்சியில் உபயோகித்த நுனியை மட்டும் வெட்டியெறிந்துவிட்டு மிகுந்ததை மறுநாளைக்கு வைத்துக்கொள்வாரென்று, உடனிருந்த காகா காலேல்கர் எழுதியிருக்கிறார். அம்மகானுக்கும் பிற்காலத்தில் கட்டுப்பல்தான் வாய்த்தது, அதை உண்ணும் வேளையில் மட்டும் அணிந்துகொள்வார் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறோம். குச்சி ஒன்றினாலேயே பல்லை முற்றும் காத்துவிடலாம் என்று வாதிப்பவர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

குச்சியின்மேல் நமக்கு மரியாதை உண்டு. நுனியை நன்றாக மென்று தூரிகைபோலாக்கி, ஈற்றைக் குத்தாமல், ஒவ்வொரு பல்லாக நிதானமாகத் தேய்த்தால் அது பிரஷுக்கு அதிகமாகப் பின்வாங்குவதில்லை. பழக்கமுள்ள தேசங்களில் பற்குச்சியை ஊக்குவிக்கலாமென்று உலக சுகாதார ஸ்தாபனமே 1986-ல் யோசனை கூறிற்று. நமது சண்டை குச்சியோடன்று. செங்கல் தூளோடும், உமிக்கரியோடும், மணலோடும். நெல் உமியில் மணற்சத்து நிறைய இருக்கிறது. அதைச் சுட்டுக் கரியாக்கிப் பல்லில் தேய்ப்பது உப்புத்தாளைக்கொண்டு தேய்ப்பதற்குச் சமானம். தேய்த்தவுடன் பளிச்சென்று வெளுக்கிறதே என்று சந்தோஷப்படுகிறவர்கள் வெளுத்ததெல்லாம் போனது எனாமல் என்பதை அறியார். பத்து இருபது வருஷங்களில் பல்லின் அடியில் ஆப்பு வெட்டினாற்போலப் பள்ளம் விழுந்து, குளிர்ந்த தண்ணீர் பட்டால் உயிர் போவதுபோலக் கூசும். புதூரில் நாம் சந்தித்த ஒரு முதியவரின் முன்பற்கள் பாதி உயரத்துக்குத் தேய்ந்திருந்தன. அவர் அறுபது வருஷம் செங்கல் தூளை விடாமல் உபயோகித்தவர். சொத்தை ஒன்றுகூட இல்லை என்று பெருமையோடு வாயைத் திறந்து காட்டினார். சொத்தை விழுவதற்குப் பல் மிஞ்சியிருக்க வேண்டுமல்லவா?

இதில் வேடிக்கை என்னவென்றால், நமது பாட்டிமார் கரியால் துலக்கியதை அநாகரிகமென்று பரிகசித்த வியாபாரிகளே இப்போது கரி கலந்த கறுப்புப் பற்பசையை அழகான குழாயிலடைத்து நமக்கே விற்கிறார்கள். வேம்பின் கதை இதைவிட மேல். 1916-ல் சுதேசி உணர்ச்சியின் வேகத்தில் கல்கத்தாவில் தோன்றிய கல்கத்தா கெமிகல் கம்பெனி, வேம்பைச் சேர்த்த பற்பசையை நமது நாட்டு மூளையைக்கொண்டு, நமது நாட்டு மூலதனத்தால் செய்து காட்டிற்று. கறுப்புப் பசையில் அந்தக் கௌரவமும் இல்லை.

புகையிலை கலந்த பற்பொடியைப் பற்றி ஒரு வார்த்தை. அதைப் பற்பசையிலும் பற்பொடியிலும் சேர்க்கக்கூடாதென்று மத்திய சர்க்கார் 1992-லேயே தடுத்தாகிவிட்டது. இருந்தும் வெறும் புகையிலைத் தூளை ஈற்றில் அப்பிக்கொண்டால் பல்வலி நிற்குமென்று எண்ணுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உறையூர்ச் சுருட்டின் கீர்த்தி ஷெர்லாக் ஹோம்ஸ் கதைவரை போனது திருச்சிக்காரராகிய நமக்கு ஒரு காலத்தில் பெருமையாயிருந்திருக்கலாம். புகையிலையோ ஈற்றை அரித்துப் பல்லை ஆட்டங்காணச் செய்கிறது, வாய்ப் புற்றையும் விளைக்கிறது. வெறும் பாக்கும் புற்றை உண்டாக்கும் பொருளே என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் தீர்ப்பளித்துவிட்டது. நமது பொதுக்கூட்ட மேடைகளில் தாம்பூலத் தட்டுச் சுற்றி வரும்போது ஊழியர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பற்பசையில் முக்கியமாக இருக்கவேண்டிய பொருள் எது என்று கேட்டால் வைத்தியர்கள் ஒருமுகமாகச் சொல்வது புளோரைடு. கரைந்த எனாமல் மறுபடி கெட்டிப்படும்போது இது உடனிருந்தால், முன்னைக்காட்டிலும் அமிலத்துக்கு ஈடுகொடுக்கும்படி உறுதியாகிறது. ஆனால் இந்தப் புளோரைடு மிகுந்தால் விஷம் என்பதை முதன்முதலாக நமது தேசத்தில் நிரூபித்ததும் பழைய சென்னை மாகாணமே. 1937-ம் வருஷத்தில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் தலைவராயிருந்த ஷார்ட்டும் அவருடைய சகாக்களும், நெல்லூர் ஜில்லாவில் ஜனங்களின் பல் பழுப்பேறி, முதுகெலும்பு விறைத்துப்போவதற்குக் கிணற்று நீரிலுள்ள புளோரைடே காரணமென்று கண்டறிந்து வெளியிட்டார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் கஷ்டமும் அதுவே. அங்கே பாறையினடியிலிருந்து வரும் நீருக்குப் பதிலாகக் காவேரி நீரைக் கொண்டுசெல்ல ஜப்பான் தேசத்துக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்வரை இருப்பதே நல்லது, வேறு நீர் கிடையாத இடத்தில் ஒன்றரை வரையில் சகிக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனத்தின் எல்லை.

திருச்சி நகரசபைக் குழாயில் வருவது காவேரியிலும் கொள்ளிடத்திலும் எடுக்கப்படும் நீர். புளோரைடு மிகுந்துவிடுமென்று அதைக் குடிப்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை. அதில் உள்ள அளவு பல்லைக் காக்கப் போதாதென்றுதான் சொல்ல வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரையே குடிப்பவர்கள் அதைப் பரிசோதித்துப் பார்ப்பது நலம். ஆகவே புதூர் வாசிகளுக்குப் புளோரைடு கலந்த பற்பசை, காலையில் ஒருமுறை, படுக்குமுன் ஒருமுறை, போதுமான சிகிச்சை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவு, ஆறு வயதுவரை ஒரு பட்டாணியளவு. விளம்பரப் படத்தில் பிரஷ் முழுவதும் அலையலையாகப் பசையைப் பிதுக்கியிருப்பது பல்லுக்காகவன்று, விற்பனைக்காக. தேய்த்தபின் நுரையைத் துப்பிவிட்டு, வாயை ஓயாமல் கொப்பளிக்காமல் விட்டால் மருந்து சிறிது நேரம் பல்லில் தங்கும். இரண்டில் ஒன்றுதான் முடியுமென்று சொல்பவர் இரவு வேளையையே வைத்துக்கொள்ளட்டும்.

இவ்வளவும் தனி மனிதர் செய்யக்கூடியது. தனி மனிதரால் முடியாதவை சில உண்டு. அவைதாம் இப்பத்தியில் இதைப்பற்றி எழுதும்படி நம்மைத் தூண்டின.

குழந்தைக்கு ஆறு வயது ஆகும்போது, பால்பற்களுக்குப் பின்னே, ஒரு பல்லும் விழாமலே, புதிதாக ஒரு கடைவாய்ப்பல் முளைக்கிறது. ஒன்றும் விழவில்லையாதலால் தாய் தந்தையர் அதையும் பால்பல்லென்றே நினைத்துவிடுகிறார்கள். ‘விழப்போகிற பல்தானே’ என்று அதில் விழும் கரும்புள்ளியைக் கவனியாது விடுகிறார்கள். அதுவோ வாழ்நாள் முழுவதும் மெல்லவேண்டிய பல். மற்றப் பற்கள் வரிசைப்படுவதற்கும் அதுவே ஆதாரம். பன்னிரண்டு வயதில் அது வலித்து, பிடுங்கி எறியப்படுகிறது. வலியுள்ள குழந்தை ஒருபக்கமாக மெல்லுகிறது, சரியாக உண்பதில்லை, இரவில் தூங்குவதில்லை, பள்ளிக்கு வருவதில்லை. தகப்பன் ஒருநாட் கூலியை விட்டுவிட்டு டவுனுக்கு அழைத்துப்போகிறான். வேரைச் சுத்திசெய்து பல்லைக் காப்பாற்றும் சிகிச்சைக்கு ஆகும் பணத்தைக் கேட்டதும், “பிடுங்கிவிடுங்கள்” என்கிறான். ஏழையின் வாயில் காணும் இடைவெளி ஒவ்வொன்றும் இப்படி வந்த தீர்ப்பே.

பல் வைத்தியர்கள் நமது தேசத்தில் இல்லையா? ஒரு காலத்தில் இல்லைதான். ரபியுத்தீன் அகமது என்னும் வங்காளி அமெரிக்காவில் படித்துத் திரும்பி, 1920-ல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் வைத்தியக் கல்லூரியை ஸ்தாபித்தார். அதற்குப் பணம் வேண்டியிருந்தது. சர்க்காரை நம்பி உட்கார்ந்திராமல் ‘நியூயார்க் சோடா பவுண்டன்’ என்று ஒரு பானக் கடையைத் திறந்து, அந்த வருமானத்தைக்கொண்டு கல்லூரியை நடத்தினார். கலர் விற்ற காசால் பல் காத்த கதை இது ஒன்றுதான்! 1948-ல் பல் வைத்தியர் சட்டம் ஏற்பட்டது. சென்னையில் 1953-ல் சர்க்கார் பல் வைத்தியக் கல்வி தொடங்கிற்று. நமக்கு அண்டையிலுள்ள புதுக்கோட்டையிலும் 2023-ல் சர்க்கார் பல் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. தேசம் முழுவதும் முந்நூறுக்கு மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. படித்து வெளிவந்த வாலிபர்கள் வேலை கிடையாமல் திண்டாடுகிறார்கள். ஒருபுறம் வேலையற்ற வைத்தியர், மற்றொரு புறம் வைத்தியரற்ற குழந்தை; இவ்விருவரையும் ஓர் அறையில் சந்திக்க வைப்பது எவ்வளவு பெரிய காரியம்? ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, ஒரு சம்பளம்.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லையென்று நாம் குறைகூற வரவில்லை. பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதிக்க 2013-ல் மத்திய சர்க்கார் ஏற்படுத்திய திட்டத்தில் பற்சொத்தையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. 2023-ல் தமிழ்நாட்டு சர்க்கார் பள்ளிச் சிறுவர்களின் பற்களுக்கென்றே ‘புன்னகை’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. பெயர் அழகாயிருக்கிறது, நோக்கமும் சிலாக்கியமானது. நமது ஆட்சேபம் ஒன்றே. பரிசோதனை என்பது சொத்தையைக் கண்டு குறித்துக்கொள்வதோடு நின்றுவிடக்கூடாது. சமன் வந்தால் விசாரணை வரவேண்டும், விசாரணை வந்தால் தீர்ப்பு வரவேண்டும். ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவும்’ என்று எழுதிய சீட்டுடன் வீடு திரும்பும் குழந்தைகளில் எத்தனை பேர் அங்கே போய்ச் சேர்கிறார்கள் என்பதையும் அதே புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்திலேயே முடிக்கக்கூடிய சிகிச்சையும் இப்போது இருக்கிறது. வெள்ளியும் புளோரைடும் கலந்த ஒரு திரவத்தைச் சிறு தூரிகையால் சொத்தையின்மேல் தடவினால் பெரும்பாலும் அரிப்பு அவ்விடத்திலேயே நின்றுவிடுகிறது. துளைக்கும் யந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், ஊசி வேண்டாம், குழந்தை அழவும் வேண்டாம். தடவிய சொத்தை கறுத்துப் போகும் என்பதுதான் குறை; பால்பல்லின் கடைவாயில் அதை யார் பார்க்கப்போகிறார்கள்? 2021-ல் இத்திரவத்தையும் புளோரைடு பற்பசையையும் உலக சுகாதார ஸ்தாபனம் அத்தியாவசிய மருந்துகளின் ஜாபிதாவில் சேர்த்துவிட்டது. ஆறு வயதுக் கடைவாய்ப்பல்லின் மேலுள்ள வெடிப்புக்களில் உணவு தங்காதபடி மெழுகுவதற்கும் சுலபமான பொருள் உண்டு.

வரி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்நிய ஆட்சியில் ஏழை சோற்றுக்கும் பல்லுக்கும் உபயோகித்த உப்புக்கு வரியிருந்தது. அதை எதிர்த்து 1930 ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜியின் தலைமையில் இந்தத் திருச்சியிலிருந்தேதான் வேதாரணிய யாத்திரை புறப்பட்டது. சுதந்தர இந்தியாவில் 2017 முதல் பற்பசைக்கும் பிரஷுக்கும் நூற்றுக்குப் பதினெட்டு வீதம் வரி விதித்து, எட்டு வருஷ காலம் வசூலித்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அது ஐந்தாகக் குறைந்து, கலர் பானங்களுக்கு நாற்பதாக நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. தாமதமாக வந்த நீதியாயினும் இதை நாம் வரவேற்கிறோம். வரிக்குறைப்பு கடைக்காரர் விலைச்சீட்டில் தெரிகிறதா என்பதைப் பொதுஜனங்கள் கவனித்து வரவேண்டும்.

புதூரிலுள்ள பொதுநல ஊழியர்களுக்கு நாம் ஒன்று கூறுவோம். சாலைக்கும் சாக்கடைக்கும் மனுக் கொடுக்கிறீர்கள்; மிகவும் சரி. அம்மனுவில் இன்னும் மூன்று வரி சேர்த்தெழுதுங்கள். அப்பகுதி மக்களுக்குரிய சுகாதார நிலையத்தில் வாரத்தில் குறித்த நாட்களிலாவது பல் வைத்தியர் இருக்க வேண்டும். பள்ளிகளில் மதிய உணவுக்குப்பின் குழந்தைகள் வாய் கொப்பளிக்கப் போதுமான குழாய் வேண்டும். வருஷத்தில் இருமுறை வைத்தியர் பள்ளிக்கே வந்து, ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளின் கடைவாய்ப்பல்லைப் பார்த்து, மெழுகவேண்டியதை மெழுகி, மருந்து தடவவேண்டியதைத் தடவிவிட்டுப் போகவேண்டும். இதற்கு மாநகராட்சிக்கு ஆகும் செலவு ஒரு விழாவின் பந்தற் செலவுக்குக்கூட வராது. பெட்டிக்கடைக்காரரையும் நாம் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வேர்க்கடலையும் கொய்யாவும் விற்றாலும் அவருக்குப் பிழைப்பு நடக்கும்.

வார்டு அங்கத்தினரும் மாநகராட்சிச் சுகாதார அதிகாரியும் இதைக் கோடை விடுமுறைக்குள் யோசித்து முடிவு செய்தால் சௌகரியமாயிருக்கும். ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறக்கின்றன. ஒன்றாம் வகுப்பில் வந்து உட்காரப்போகும் குழந்தைகளுக்கு அந்தக் கடைவாய்ப்பல் அதற்குள் ஈற்றைப் பிளந்துகொண்டு வெளிவரத் தொடங்கியிருக்கும்.